பங்குனி வெயிலில் உறைந்த குழாய்

‘லேய்’னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க தம்பி, அதுக்குச் சரியான அர்த்தம் என்ன? தப்பா எடுத்துக்காதீக. இப்ப போன்ல பேசுனீகல்ல, அதைக் கேட்டதுமே நாகர்கோவில் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கேக்குறேன். எங்க ராமநாதபுரத்துப் பக்கம் அந்த வார்த்தை கெடையாது. மரியாதையான வார்த்தையா, மரியாதை கெட்ட வார்த்தையா?

ஆளைப் பொறுத்தா? அட, எல்லாரும் இதையேதான் சொல்றீக. சரி, நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு.

என் பேரு வழிவிட்டான். சிரிக்காதீக, எங்க பக்கம் சாமி பேரு அது. வேலை, காஸ் கிணத்துல. தண்ணிக் கிணறு மாதிரி எட்டிப் பாக்குற கிணறு இல்ல. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துக்குக் குழாய் எறக்கி, அதுல வர்ற காஸை எடுத்து, கரண்டு எடுக்குற ஆலைக்கு அனுப்புறது. கருவேலங்காட்டுக்கு நடுவுல ஒரு வேலி, வேலிக்குள்ள ரெண்டு மூணு குழாயி, ஒரு கேபின், ஒரு பம்பு. அதுக்கு ராசா நான்தான். தொணைக்குக் கபூர் பாய். நல்ல மனுசன், பீடி மட்டும் இல்லாம இருக்க மாட்டாரு. வேலிக்குள்ள தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது. அதனால ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய் ஊதிட்டு வருவாரு.

எங்களுக்கு மேல ஒரு எஞ்சினியர் வந்துச்சு. பொம்பளைப் புள்ள. பேரு பெனிட்டா, ஊரு மார்த்தாண்டம். எம் மக வயசுதான் இருக்கும். வந்த அன்னைக்கே என்னை ‘அண்ணாச்சி’ன்னு கூப்புட்டுச்சு. நானும் மேடம்னு கூப்புட்டேன். மரியாதைக்கு மரியாதை. அப்பிடித்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, அந்தப் பங்குனி மாசம் வரைக்கும்.

எம் மக சுகப்பிரியாவுக்கு முதுகுளத்தூர்ல மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. பூ வச்சு உறுதி பண்ண சாயங்காலம் வர்றதாச் சொல்லிட்டாக. அன்னைக்குன்னு பார்த்து எனக்குப் பகல் டூட்டி. மாத்திவிட ஆளு இல்ல. என்ன செய்ய? புதுச் சட்டையை உடுத்திக்கிட்டே டூட்டிக்குப் போயிட்டேன், முடிஞ்சதும் அப்பிடியே வீட்டுக்கு ஓடிரலாம்னு. மேல கம்பெனி அங்கி ஒண்ணு போடணும். அந்த வெயில்ல எவன் போடுவான்? கழட்டி நாற்காலியில தொங்கவிட்டேன்.

மத்தியானம் சம்பந்தி போன் பண்ணுனாரு. கேபின்ல மட்டும் போன் பேசலாம். கேபினை ஒட்டித்தான் அந்தப் பம்பு. டக், டக், டக்னு நாளு பூரா அடிச்சுக்கிட்டே கெடக்கும். மெத்தனால்னு ஒரு மருந்துத் தண்ணி, அதைக் குழாய்க்குள்ள கொஞ்சங் கொஞ்சமா விடுற பம்பு. சம்பந்தி ‘எத்தனை பேரு வர’ன்னு என்னமோ சொல்றாரு, எனக்கு ‘டக்’னு மட்டுந்தான் கேக்குது. நல்ல காரியம் பேசுற நேரம் பாருங்க. பம்பை நிப்பாட்டிட்டுப் பேசுனேன். சம்பந்தி தங்கமான மனுசன், பேச ஆரம்பிச்சா நிப்பாட்ட மாட்டாரு. எங்க பங்காளி, தாயாதி, கொண்டான் குடுத்தான் வரைக்கும் விசாரிச்சாரு. நானும் ஒண்ணு விடாமச் சொன்னேன். பேசி முடிச்சு, ஞாபகமாத் திரும்பிப் போய்ப் பம்பைப் போட்டுட்டேன். போடுறப்ப ஓஸ் கொஞ்சம் கழண்டு, மருந்து எம் புதுச்சட்டை மேல பீச்சி அடிச்சிருச்சு. அது கெடக்குது. கதைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

கதை இனிமேத்தான். கேபினை விட்டு வெளிய வந்தா, கபூர் பாய் குழாயைப் பார்த்துக்கிட்டே நிக்கிறாரு.

“வழிவிட்டான், இங்க வந்து பாருய்யா. நான் பாக்குறது நெசந்தானா?”

தம்பி, பங்குனி வெயில். தரையில காலு வைக்க முடியாது. அந்த வெயில்ல, குழாய் மேல வெள்ளை வெளேர்னு பனி பூத்துக் கெடக்கு! வேப்பம்பூ கொட்டுன மாதிரி. தொட்டா கை ஒட்டுது. உள்ள காஸ் போற சத்தமே இல்ல. காஸ் ஓட்டம் காட்டுற முள்ளு சைபர்ல நிக்குது.

கபூர் பாய் சொன்னாரு, “உம் பேருதான் வழிவிட்டான். குழாயி வழிவிடலையே.”

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. அதுக்குள்ள கரண்டு ஆலையில இருந்து போன் மேல போன். காஸ் எங்க, காஸ் எங்கன்னு. நானும் பெனிட்டா மேடத்துக்குப் போன் பண்ணி, “குழாயில பனி பூத்திருக்கு, காஸ் வரல”ன்னு சொன்னேன். அந்தப் புள்ள பதறிப்போய், “அண்ணாச்சி, அது ஹைட்ரேட். ஒண்ணையும் தொடாதீங்க, நான் வந்துட்டே இருக்கேன்”னுச்சு. எனக்கு அது காதுல ‘ஹைதராபாத்’னு விழுந்துச்சு. சரி, ஹைதராபாத்துல இருந்து யாரோ பெரிய அதிகாரி வர்றாக போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

பெரிய அதிகாரி வர்ற நேரம் குழாய் அடைச்சுக் கெடந்தா நமக்குத்தான கேவலம்? சாயங்காலம் பூ வைக்கிற காரியம் வேற. நான் யோசிச்சேன். இளநியில ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறோம், வழுக்கை வந்து அடைச்சுக்குது. என்ன செய்யிறோம்? ஒரு உறிஞ்சு உறிஞ்சுனா வந்துருது. அதே மாதிரி, அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற காஸைத் தொறந்து வெளிய விட்டுட்டா, இந்தப் பக்கம் இருக்கிற அழுத்தம் அடைப்பைத் தள்ளிக்கிட்டுப் போயிரும். நல்ல யோசனைதான? கபூர் பாய் வேணாம்னாரு. அவரு எதுக்கும் வேணாம்னுதான் சொல்லுவாரு.

வால்வைப் பிடிச்சு ரெண்டு சுத்து சுத்தியிருப்பேன். ஜீப்பு வந்து நிக்கிற சத்தம். அப்பத்தான் தம்பி அந்தச் சத்தம் வந்துச்சு.

“லேய்! வால்வ விடுலேய்! மாறுலேய் அங்கேருந்து!”

என் ஆயுசுல என்னை யாரும் அப்பிடிக் கூப்புட்டது இல்ல. எங்கப்பன்கூட. யாரைச் சொல்லுதுன்னு திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னாடி யாரும் இல்ல, தண்ணி டிரம்மு மட்டுந்தான் நிக்குது. அதுக்குள்ள அந்தப் புள்ள பாய்ஞ்சு வந்து, எம் புதுச்சட்டைக் காலரைப் பிடிச்சு, ஒரே இழுப்பு. பொத்தான் பூராம் தெறிச்சுப்போச்சு. ரெண்டு பேரும் முள்ளுக்குள்ள விழுந்தோம். விழுறதுக்கும், குழாய்க்குள்ள என்னமோ கடகடன்னு ஓடி வளைவுல போய் டமார்னு மோதுறதுக்கும் சரியா இருந்துச்சு. குழாயே எந்திரிச்சு உக்காந்துச்சு தம்பி! அழுத்தம் பாக்குற மீட்டரு பிச்சுக்கிட்டுப் பறந்து, டிரம்மை இந்தப் பக்கம் தொளைச்சு அந்தப் பக்கமா வெளிய போயிருச்சு. காஸ் சீறுது. கபூர் பாய் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கி எல்லாத்தையும் அடைச்சாரு.

டிரம்மு கம்பெனியோடது, நமக்கு என்ன? எம் பொத்தானுக்கு யாரு பதில் சொல்றது?

அதோட விட்டாளா? முள்ளுக்குள்ள கெடந்துக்கிட்டே எம் மூஞ்சியைத் தொட்டுப் பாக்குறா, கையைத் தொட்டுப் பாக்குறா. “அண்ணாச்சி, ஒண்ணும் இல்லல்ல? ஒண்ணும் இல்லல்ல?”ங்கிறா. இப்ப மட்டும் அண்ணாச்சி! அழுகுறா. பயந்த புள்ள. நான்தான் தைரியம் சொன்னேன். “ஒண்ணும் இல்ல மேடம், அடைப்பு எடுபட்டுருச்சு பாருங்க”ன்னேன். நெசம்தான? அடைப்பை எடுத்தது யாரு? அவ வழியில போயிருந்தா, ரெண்டு பக்கமும் மெல்ல மெல்ல அழுத்தத்தை எறக்கி, வெயில்ல தானா உருகட்டும்னு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கணும். நான் ஒரு நொடியில முடிச்சேன். அதைச் சொன்னதும் எம் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தா. ஒரு பாராட்டு இல்ல.

மிச்சம் மீதி உள்ள ஒட்டியிருந்ததை, அவ சொன்ன மாதிரியே பக்குவமாத் தொறந்து வெளிய எடுத்தோம். ஐஸ்வண்டிக்காரன் சீவிக் குடுப்பான்ல, அந்த மாதிரி வெள்ளைக் கட்டி. கையில வச்சா சில்லுனு இருக்கு. காதுகிட்டக் கொண்டு போனா சோடா மாதிரி சுர்ருனு பேசுது. அந்தப் புள்ளைக்கு அழுகையெல்லாம் எங்க போச்சோ, முகமே மாறிருச்சு. “புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன் அண்ணாச்சி. வாங்க, வாங்க, உருகிரும்!”னு ஒரு கட்டியைத் தட்டுல போட்டுக்கிட்டு ஓடுறா. வேலிக்கு வெளிய, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கபூர் பாய் பீடி குடிக்கிற வேப்பமரத்தையும் தாண்டி. அவருகிட்ட ஒரு குச்சி வாங்கிக் கொளுத்தி நீட்டுனா.

எரிஞ்சுச்சு தம்பி.

ஐஸ் எரிஞ்சுச்சு. மேல நீலமும் மஞ்சளுமாத் தீ, கீழ தண்ணியா உருகுது. கபூர் பாய் பீடியைக் கீழ போட்டுட்டாரு. நானும் இத்தனை வருசம் காஸ்லயே கெடக்குறேன், இப்பிடி ஒண்ணைப் பார்த்ததே இல்ல. கடைசியில தட்டுல ஒரு கை தண்ணி மட்டும் நின்னுச்சு. அது வரைக்கும் நான் அந்த ‘லேய்’யை மறந்தே போயிட்டேன், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் திரும்ப ஞாபகம் வந்துருச்சு.

என்னது? சண்டை போட்டேனான்னா? அதுக்கு எங்க நேரம்? வீட்டுக்கு ஓடுனேன்.

வீட்டுல எல்லாரும் வந்து உக்காந்திருக்காக. தாம்பாளத்துல பூவு, பழம், ஜிலேபி. சம்பந்தி எந்திரிச்சு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவரு, அப்பிடியே மூக்கைச் சுருக்குனாரு. பொத்தான் இல்லாத சட்டை, தலையில முள்ளு, மேலெல்லாம் ஸ்பிரிட்டு வாடை.

“என்ன சம்பந்தி, நல்ல நாளும் அதுவுமா, பகல்லேயே ஆரம்பிச்சிட்டீகளோ?”

“அய்யய்யோ, இது மெத்தனாலுங்க.”

“பேரெல்லாம் வச்சிருக்கீக.”

“இல்லங்க, குழாயில ஐஸ் அடைச்சுக்கிருச்சு. அதான் நேரமாயிருச்சு.”

சம்பந்தி அவுக வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தாரு. அந்தம்மா வாசலைப் பார்த்துச்சு. வாசல்ல சாயங்கால வெயில் இன்னும் கொளுத்துது.

“எந்தக் குழாயில?”

“காஸ் குழாயிலங்க. அப்புறம் அந்த ஐஸைக் கொளுத்துனோம். நல்லா எரிஞ்சுச்சு.”

உண்மையைத்தான சொன்னேன்? ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல. சம்பந்தி தோள்துண்டை உதறிப் போட்டுக்கிட்டாரு. “தெளிஞ்சதும் சொல்லி விடுங்க, பேசுவோம்”ன்னாரு. அந்தம்மா தாம்பாளத்தைத் தூக்கிருச்சு. எம் மக கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. அவ அழுகுற சத்தம் கேட்டுச்சு. எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. சத்தியமாச் சொல்றேன், குழாய் வெடிச்சப்பகூட அப்பிடிப் பயப்படல.

அந்த நேரம் வாசல்ல கபூர் பாய் பைக்கு. பின்னாடி அந்தப் புள்ள, முழங்கையில பெரிய கட்டோட. சின்னச் சிராய்ப்புக்கு எம்மாம் பெரிய கட்டு! “அண்ணாச்சிக்கு ஒண்ணும் இல்லல்ல, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்”னுச்சு. வந்தவளுக்கு வீடு இருக்குற இருப்பு புரிஞ்சுபோச்சு போல. நேரா சம்பந்தியம்மா முன்னாடி தரையில உக்காந்துட்டா.

“அம்மா, அவிய சொல்லது சத்தியம். நான் காட்டித் தாறேன்”னு சொல்லிட்டு அக்கம்பக்கம் பார்த்தா. முற்றத்துல பஞ்சாரம், கோழியைக் கவுத்து மூடுற மூங்கில் கூடை. உள்ள கோழி. விருந்துக்கு வச்சிருந்தது.

“இந்தப் பஞ்சாரம்தான் தண்ணின்னு வச்சுக்கிடுங்க. உள்ள நிக்குற கோழி, காஸ். பூமிக்குள்ளேருந்து காஸ் வரும்போ தண்ணியும் கூடவே வரும். காஸ் பயங்கர அழுத்தத்துல வரும். அதைச் சின்ன வாசல் வழியா விட்டு அழுத்தத்தைக் குறைப்போம். கொசு மருந்து டப்பாவ அமுக்குனா டப்பா சில்லுனு ஆவும்லா? அதே மாதிரி, காஸ் சட்டுனு குளிர்ந்து போவும். வெயிலு வெளியதான். குழாய்க்குள்ள மார்கழி. அந்தக் குளிருலயும் அழுத்தத்துலயும் தண்ணி சும்மா இருக்காது. ஒண்ணோட ஒண்ணு கை கோத்து, காஸைச் சுத்திக் கூடு முடைஞ்சிரும், இந்தப் பஞ்சாரம் மாதிரி. கண்ணுக்குத் தெரியாத பஞ்சாரம், கோடி கோடியா. அது எல்லாம் சேந்து கட்டியாகிக் குழாயை அடைச்சிரும்.”

சம்பந்தியம்மா குனிஞ்சு கோழியைப் பார்த்துச்சு. “சாதா ஐஸ் மாதிரித்தான?”

“பார்க்க ஐஸ்தான். ஆனா சாதா ஐஸுக்கு இதைவிடக் குளிர் வேணும். இது, உள்ள கோழி நிக்குறதுனாலதான் பஞ்சாரம் சாயாம நிக்கும். கோழியை எடுத்துட்டா கூடு பொத்துனு விழுந்து தண்ணியாயிரும். தீக்குச்சி வச்சா எரியது ஐஸ் இல்ல, வெளிய வார கோழிதான்.”

சம்பந்தி நின்ன நெலையிலேயே கேட்டாரு. “அப்ப இந்த வாடை?”

“அதுதான் மெத்தனால். அதைக் குழாய்க்குள்ள விட்டுட்டே இருந்தா, தண்ணி அதுகூடக் கதை பேசப் போயிரும். கூடு முடையுற வேலை நடக்காது. அது விஷம். குடிச்சா கண்ணு போவும், உயிரும் போவும். இவிய குடிச்சிருந்தா உங்ககிட்ட இப்பிடி நின்னு பேசிட்டா இருப்பாவ?”

“கதை பேசப் போனா வேலை எங்க நடக்கும்!”னு கபூர் பாய் சிரிச்சாரு. அந்தப் புள்ளையும் உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அதுல என்ன சிரிப்புன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

சம்பந்தி விடல. கெட்டிக்காரரு. “அந்த மருந்துதான் போய்க்கிட்டே இருக்குமே. அப்புறம் எப்பிடி அடைச்சுச்சு?”

அந்தப் புள்ள என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. அப்புறம் கதவுப் பக்கம், எம் மக நின்ன பக்கம் பார்த்துச்சு. “பழைய பம்பு மாமா. அப்பப்ப நின்னு போவும்”னுச்சு.

பாருங்க தம்பி! பம்பு புதுசு. போன தைக்குத்தான் மாட்டுனது. இவளே கூட நின்னுதான் மாட்டுனா. அவ்வளவு படிச்ச புள்ளைக்கு இதுகூட ஞாபகம் இல்ல. நான் நாலு பேரு முன்னாடி திருத்த வேணாம்னு பேசாம இருந்துட்டேன். பெரிய மனுசனுக்கு அதுதான அழகு?

சம்பந்தி துண்டை எடுத்து மடியில போட்டுக்கிட்டு உக்காந்தாரு. அந்தம்மா தாம்பாளத்தை எறக்கி வச்சு, “புள்ளையைக் கூப்புடுங்க”ன்னுச்சு. எம் மக கண்ணைத் தொடச்சுக்கிட்டு வந்து உக்காந்தா. பூ வச்சாக.

அப்ப எம் பொண்டாட்டிதான் அந்தப் புள்ளைகிட்ட, “கையில என்னம்மா கட்டு?”ன்னா. அது ‘ஒண்ணும் இல்ல அத்தே’ன்னு மழுப்புச்சு. கபூர் பாய்க்கு வாய் சும்மா இருக்குமா? காலரைப் பிடிச்சு இழுத்தது, மீட்டரு பறந்தது, டிரம்முல ஓட்டை விழுந்தது, எல்லாத்தையும் சொன்னாரு. “ஓட்டை எந்த ஒசரத்துல இருக்கு தெரியுமா தங்கச்சி?”னு கேட்டு, எந்திரிச்சு வந்து, எம் நெஞ்சுல கையை வச்சுக் காட்டுனாரு.

பஞ்சவர்ணம் அந்தக் கையவே பார்த்தா. அப்புறம் போய் அந்தப் புள்ளையோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. பிடிச்சவ விடவே இல்ல. நான் நடுவுல, “எல்லாம் சரி, இந்தப் புள்ள என்னைப் பார்த்து ‘லேய்’னு சொல்லுச்சு, தெரியுமா?”ன்னேன். நியாயம் கேக்க வேணாமா? ஒருத்தரும் காதுல வாங்கல. அந்தப் புள்ளதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, “மன்னிச்சுருங்க அண்ணாச்சி, எங்க அப்பாவையும் பயந்தா அப்பிடித்தான் கூப்புடுவேன்”னுச்சு. இதெல்லாம் ஒரு பதிலா?

சரி, எல்லாரும் கெளம்பிப் போனாக. பஞ்சவர்ணம் எங்கிட்ட வந்து, “நாளைக்கு லீவு போடுங்க”ன்னா.

“எதுக்கு?”

“சும்மா. வீட்டுல இருங்க.”

போட்டேன். மறுநாள் பூரா வீட்டுலதான் இருந்தேன். அவ ஒரு வேலையும் ஒழுங்காச் செய்யல. நான் கொல்லைக்குப் போனா கொல்லைக்கு வர்றா. வாசல்ல உக்காந்தா நிலைப்படியில வந்து நிக்கிறா. பார்த்துட்டுப் போறா, திரும்ப வர்றா. எனக்கு விசயம் பிடிபட்டுருச்சு. சம்பந்தி வீட்டு ஜிலேபி மிச்சம் இருந்துச்சுல்ல, அதை நான் திருட்டுத்தனமாத் தின்னுருவேன்னு காவல் காக்குறா. எனக்குச் சர்க்கரை தம்பி. சீனி போட்டு ஒரு வாய் காப்பி குடிச்சாலே ஊரைக் கூட்டுற பொம்பளை அவ.

எனக்கும் ரோசம் வந்துருச்சு. அவ கண்ணு முன்னாடியே டப்பாவைத் தொறந்து ஒண்ணை எடுத்துக் கடிச்சேன். திட்டுவா, பிடுங்குவான்னு பார்த்தா, அப்பிடியே நிக்கிறா. ரெண்டாவதையும் எடுத்தேன். நான் மென்னு முழுங்குறதைப் பார்த்துக்கிட்டே நிக்கிறா. எனக்குப் பயமாப் போச்சு. இத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கோம், இவ இப்பிடி நின்னதே இல்ல. என்னமோ ஒடம்புக்கு முடியாமத்தான் இருக்கணும்னு தோணிருச்சு. நெத்தியில கை வச்சுப் பார்த்தேன். சூடு இல்ல.

“என்னா பஞ்சவர்ணம், ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?”ன்னேன்.

அவ முந்தானையை எடுத்துக் கண்ணைத் தொடச்சா. டப்பாவை எம் பக்கம் நகட்டி வச்சா.

“இன்னொண்ணு எடுத்துக்கங்க”ன்னா.